அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சிறு சிப்பி: புதிய சிற்றினம் என்று எப்போது சொல்லலாம்?

ஐந்தாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். திருவையாற்றில் இருக்கிறேன், பள்ளியில் அறிவியல் ஆசிரியர். போன மாதம் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து என் மேசையில் வைத்து, "சார், இந்தக் கல்லைப் பாருங்கள்" என்றான். அது சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு சிப்பி. இரண்டு ஓடுகளும் இறுக மூடி, உள்ளே பாறை நிரம்பி, கல்லாகவே மாறியிருந்தது. அவனுடைய தாய்மாமா அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார்.

அவர் மூலமாக அனுமதி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமானூர்ப் பாலத்தில் கொள்ளிடத்தைத் தாண்டிப் போய்வந்தேன். கழிவுக்கல் குவியலில் மூன்று மணி நேரம் தேடி 27 சிப்பிகளைப் பொறுக்கினேன். பழைய பல்துலக்கியால் கழுவிக் காயவைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உச்சியில் கிளிமூக்குப் போல வளைந்த சிறு அலகு. அலகுக்குக் கீழே ஊசிமுனை நுழையும் அளவில் ஒரு துளை. அங்கிருந்து பனையோலை விசிறியின் மடிப்புகளைப் போல வரிகள் விரிந்து விளிம்பு வரை ஓடுகின்றன. விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கிறது, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இடைவெளியே இல்லாமல் பொருந்துகின்றன.

இவை பிராக்கியோபாட் என்ற ஓட்டுக் கடலுயிர்கள் என்பது படித்துத் தெரிந்துகொண்டேன். அரியலூரில் கிடைத்ததாக நான் பார்த்த படங்களில் எல்லாம் சிப்பி உப்பியிருக்கிறது, முன்விளிம்பு நடுவில் அலைபோல மேலெழுகிறது. என்னுடையவை தட்டையானவை, முன்விளிம்பு நேராக ஓடுகிறது. 27இலும் அப்படித்தான். அதனால் இது இதுவரை விவரிக்கப்படாத சிற்றினம் என்று நினைக்கிறேன். "காவேரியென்சிஸ்" என்று பெயர் வைக்க ஆசை. முறைப்படி என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பழம்பாறை

ஆசிரியரே, உங்கள் வர்ணனை நன்றாக இருக்கிறது. விசிறி மடிப்பு, ரம்ப விளிம்பு, அலகின் கீழே சிறு துளை என்றால் பிராக்கியோபாடுகளில் ரிங்கோனெல்லிடா வரிசையாகத்தான் இருக்க வேண்டும். அது வரை சரி. நாற்பது ஆண்டுகள் இந்தப் பாறைகளோடு பழகியவன் என்ற உரிமையில் ஒரு கேள்வி கேட்கிறேன்: அந்த 27 சிப்பிகளும் எந்த அடுக்கிலிருந்து வந்தவை?

குவியலில் பொறுக்கியவை என்று எழுதியிருக்கிறீர்கள். குவியலில் குழியின் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்து கிடக்கும். ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே லட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடியிருக்கலாம். அந்த ஊர்க் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை கிரிட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியனைச் சேர்ந்தது. சுமார் 7.2 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை நீண்ட கட்டம் அது. அதன் முடிவில்தான் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் மறைந்தன. அவ்வளவு நீண்ட காலத்தில் உங்கள் சிப்பி எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சாட்சி சொல்ல முடியாது.

இரண்டாவது, பெயர். தயவுசெய்து பெயரில் தொடங்காதீர்கள். சிற்றினம் என்பது தரையிலிருந்து பொறுக்கி எடுக்கும் பொருள் அன்று. "இவை எல்லாம் ஒன்று, மற்றவற்றிலிருந்து வேறு" என்று நாம் முன்வைக்கும் வாதம் அது. வாதத்துக்கு ஆதாரம் வேண்டும், எதிர்வாதத்துக்கும் இடம் வேண்டும். பெயர் கடைசியில் வரும், ஒருவேளை வராமலும் போகும்.

மறுபடி போங்கள். சுரங்கச் சுவரில் பதிந்திருக்கும் சிப்பியை, பதிந்த இடத்தில் படம் எடுத்து, அடுக்கின் உயரத்தை அளந்து, எண் எழுதிய பையில் போடுங்கள். சுவருக்குக் கீழே நிற்பது ஆபத்து, சுரங்க ஆள் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள்.

நாகைக் கிளிஞ்சல்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் பரம்பரையாகக் கடலோரத்தில் இருப்பவர்கள். என் பாட்டி கிளிஞ்சல் பொறுக்கிச் சூளைக்குக் கொடுத்தவர். மட்டி, கிளிஞ்சல், ஆளி எல்லாம் கை பட்டாலே தெரியும். ஆசிரியர் போட்டிருக்கும் படத்தைப் பார்த்தால் எனக்குச் சிறு கிளிஞ்சலாகத்தான் தெரிகிறது. இரண்டு ஓடு, வரி, மூக்கு எல்லாம் இருக்கின்றன. இதை வேறு ஏதோ உயிர் என்று எதைவைத்துச் சொல்கிறீர்கள்?

பழம்பாறை

நல்ல கேள்வி அம்மா. உங்கள் கையில் ஒரு கிளிஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடது ஓடும் வலது ஓடும் கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். ஆனால் ஒரே ஓட்டை மட்டும் வைத்து நடுவில் கோடு போட்டால் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இரண்டு பாதியும் ஒத்துப்போகாது. பிராக்கியோபாடில் இது நேர்மாறு. ஒவ்வோர் ஓடும் நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒத்திருக்கும், ஆனால் கீழ் ஓடும் மேல் ஓடும் ஒன்றுபோல இருக்காது. ஒன்று பெரிது, அலகும் துளையும் அதில்தான். அந்தத் துளை வழியாகத் தசைக்காம்பு ஒன்று வெளியே வந்து பாறையைப் பிடித்துக்கொள்ளும். துளையோடு சேர்த்துப் பார்த்தால் பழைய எண்ணெய் விளக்கு மாதிரி இருப்பதால் மேலைநாட்டார் இதை விளக்குச் சிப்பி என்பார்கள். நமக்கு அகல்விளக்கு நினைவுக்கு வரும்.

இன்னொன்று உங்களுக்கு உடனே புரியும். மட்டியைக் கொதிநீரில் போட்டால் ஏன் வாய் பிளக்கிறது? கீலில் இருக்கும் நார் எப்போதும் ஓட்டைத் திறக்கவே இழுக்கிறது, தசைதான் பிடித்து மூடிவைத்திருக்கிறது. உயிர் போனால் தசை தளரும், ஓடு திறக்கும். பிறகு அலை இரண்டையும் பிரித்துவிடும். பிராக்கியோபாடுக்குத் திறப்பதற்கும் தசைதான், மூடுவதற்கும் தசைதான். செத்தபின் திறக்க ஆளில்லை. கீல் பற்களும் குழிகளும் கவ்விக்கொண்டிருப்பதால் மூடியபடியே சேற்றில் புதைகிறது. ஆசிரியருக்கு 27 சிப்பிகளும் இரண்டு ஓடுகளோடு கிடைத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

ஓட்டுக்குள் இருக்கும் உயிரும் வேறு. மட்டிக்குச் செவுள் இருக்கிற இடத்தில், இதற்கு நுண்மயிர் அடர்ந்த கைகள் இரண்டு சுருண்டிருக்கும். நீரிலிருந்து இரையை வடிப்பது அவைதான். மட்டியும் இதுவும் உடற்கட்டில் அவ்வளவு தூரத்து உறவு. இன்று உலகக் கடல்களில் சுமார் 400 பிராக்கியோபாட் சிற்றினங்கள்தான் உயிரோடு இருக்கின்றன, புதைபடிவமாக விவரிக்கப்பட்டவை 12,000க்கும் மேல்.

நாகைக் கிளிஞ்சல்

மட்டி வாய் பிளப்பதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், காரணம் இன்றுதான் தெரிந்தது. நன்றி ஐயா. தொடருங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன்.

சுரங்கத்து மேஸ்திரி

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். அரியலூர்க் கல்லில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு குறைவு, ஆனால் அந்தக் குழிகள் எனக்கு வீடு மாதிரி.

மேல்மண்ணை அள்ளியபின் கல் தெரியும். கல் எல்லா இடத்திலும் ஒன்று இல்லை. உள்ளங்கை அளவு தடித்த பெரிய சிப்பிகள் குவிந்து கிடக்கும் அடுக்கு ஒன்று உண்டு. வெட்டும்போது கல்லைவிடச் சிப்பிதான் அதிகம் வரும். வேறோர் அடுக்கில் மண்சட்டி ஓடு மாதிரி பெரிய தட்டைச் சிப்பிகள், உடைத்தால் ஓட்டின் குறுக்கே நெருக்கமாக ஊசி அடுக்கியது போலத் தெரியும். நீங்கள் சொல்லும் சிறு சிப்பி எல்லா அடுக்கிலும் சமமாக இருக்காது. இளமஞ்சளாக, கையில் தேய்த்தால் மாவு உதிர்கிற மெல்லிய அடுக்கு ஒன்றில்தான் கொத்தாகப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அதைப் "பட்டாணி" என்று எடுத்து வைத்து விளையாடியிருக்கிறோம்.

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் குழியில் தண்ணீர் நிற்கும், சுவரும் சரியும். அதற்கு முன் வாருங்கள். நானே கூட வந்து காட்டுகிறேன்.

பழம்பாறை

மேஸ்திரி சொன்ன தட்டைச் சிப்பி இனோசெராமஸ், தடித்தது கிரைஃபியா. இரண்டும் பழங்கால மட்டி வகைகள். உடைத்தால் ஊசி அடுக்கியது போலத் தெரியும் என்று அவர் சொன்னதைத்தான் பாடப்புத்தகம் பட்டகக் கால்சைட் என்று எழுதும், கால்சைட் என்பது சுண்ணாம்புக் கனிமம். ஆசிரியரே, உங்களுக்கு இதைவிடச் சிறந்த துணை கிடைக்காது.

ஐந்தாற்றங்கரை

மேஸ்திரி ஐயாவோடு இரண்டு சனிக்கிழமைகள் போய்வந்தேன். காலையில் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் குழிக்கு வருவேன் என்றார், அப்படியே செய்தோம்.

அவர் சொன்ன மஞ்சள் அடுக்கு 40 செ.மீ. தடிப்பு. அதற்கு மேலும் கீழும் இருந்த அடுக்குகளையும் அளந்து படம் வரைந்திருக்கிறேன். சுவரிலிருந்து நேரடியாக எடுத்தவை மொத்தம் 64. ஒவ்வொன்றுக்கும் எண், அடுக்கின் அடியிலிருந்து உயரம், எந்த ஓடு மேலே பார்த்துக் கிடந்தது என்ற குறிப்பு உண்டு. பழைய 27ஐத் தனி டப்பாவில் போட்டு "இடம் உறுதியில்லை" என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதும்போது மனம் வலித்தது, ஆனால் அதுதான் நேர்மை.

இந்த 64இல் 53 வரியுள்ளவை, 11 வழுவழுப்பானவை. வழுவழுப்பானவற்றை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. பாதாம்பருப்பு வடிவம், அலகின் நுனியில் தெளிவான வட்டத் துளை. ஈரமாக்கி லென்ஸில் பார்த்தால் ஓடு முழுவதும் ஊசியால் குத்தியது போல மிக நுண்ணிய புள்ளிகள்.

வரியுள்ள 53ஐயும் வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். நீளம், அகலம், தடிப்பு. நீளம் 5 மி.மீ.யிலிருந்து 17 மி.மீ. வரை போகிறது. பெரியவை உப்பலாகவும் அலை விளிம்போடும், சிறியவை தட்டையாகவும் நேர் விளிம்போடும் இருக்கின்றன. அப்படியானால் ஒரே அடுக்கில் இரண்டு சிற்றினங்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழம்பாறை

வழுவழுப்பானவை பற்றிப் பிறகு பேசுவோம், அந்தப் புள்ளிகளை மறக்காதீர்கள்.

வரியுள்ளவற்றுக்கு ஒரு வேலை தருகிறேன். வரைபடத்தாளில் கிடைமட்டமாக நீளத்தையும் செங்குத்தாகத் தடிப்பையும் குறியுங்கள். இரண்டு சிற்றினங்கள் என்றால் பெரும்பாலும் புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரியும், அல்லது இரண்டு திசையில் ஏறும். ஒரே கோடாக ஏறினால் வேறு கதை. அதன்பின் உங்களிடம் உள்ளவற்றில் மிகப் பெரியதை எடுத்து, அலகுப் பக்கத்து 6 மி.மீ. பகுதியை மட்டும் லென்ஸில் பாருங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

ஐந்தாற்றங்கரை

பார்த்துவிட்டேன் ஐயா. இரவு பதினொரு மணிக்கு இதை எழுதுகிறேன்.

53 புள்ளிகளும் ஒரே வளைவில் ஏறுகின்றன. நடுவில் இடைவெளி இல்லை. 9 மி.மீ. வரை தடிப்பு மெதுவாகவும், அதன்பின் வேகமாகவும் கூடுகிறது.

பிறகு எண் 17ஐ எடுத்தேன், இருப்பதில் மிகப் பெரியது அதுதான். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து ஒளியை ஓட்டின் மேல் தவழவிட்டேன். மரத்தின் ஆண்டு வளையம் போல வளர்ச்சிக் கோடுகள் தெரிந்தன. அலகிலிருந்து ஏறக்குறைய 6 மி.மீ. தூரத்தில் இருக்கும் கோட்டை ஊசிமுனையால் தொட்டுக்கொண்டே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனேன். நேராகப் போகிறது, அலையே இல்லை. அடுத்தடுத்த கோடுகளில் நடுப்பகுதி மெல்ல எழுகிறது, 12 மி.மீ.க்குப் பிறகு நன்றாக வளைகிறது. எண் 17 ஒரு காலத்தில் தட்டையாக, நேர் விளிம்போடு, என் 27 சிப்பிகளில் ஒன்றைப் போலவே இருந்திருக்கிறது. தன் சிறுபிள்ளைப் பருவத்தைத் தன் உச்சியிலேயே சுமந்துகொண்டிருக்கிறது.

என் புதிய சிற்றினம், ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் குஞ்சு. மனைவியை எழுப்பிச் சொன்னேன். "அப்படியானால் நல்லதுதானே, இனி அது அனாதை இல்லை" என்றாள்.

பழம்பாறை

உங்கள் வீட்டம்மா சொன்னதை என் மாணவர்களுக்குச் சொல்லப்போகிறேன்.

இந்தத் தவறு பெரிய அறிஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. வளர்ச்சிப் படிகளுக்கும், நெரிசலில் வளர்ந்து கோணலானவற்றுக்கும், பாறையின் அழுத்தத்தில் நசுங்கியவற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, பின்னால் வந்தவர்கள் அவற்றை ஒத்தபெயர் என்று ஒவ்வொன்றாக அழித்தார்கள். அதனால்தான் ஒரே ஒரு மாதிரியை நம்பிப் புதிய சிற்றினம் எழுதுவதை நான் விரும்புவதில்லை. நிறைய மாதிரிகள் வேண்டும், சிறியதும் பெரியதும் கோணலும் சேர்த்து.

இனி வழுவழுப்பான 11க்கு வருவோம். ஓட்டில் நுண்புள்ளிகள் என்றால் அவை ஓட்டை ஊடுருவும் நுண்துளைகள். ரிங்கோனெல்லிடாவில் அநேகமாக இவை இருப்பதில்லை, டெரிபிராட்டுலிடா வரிசையில் உண்டு. பிராக்கியோபோடா தொகுதி, ரிங்கோனெல்லிஃபார்மியா துணைத்தொகுதி, ரிங்கோனெல்லேட்டா வகுப்பு, டெரிபிராட்டுலிடா வரிசை என்பது வரை லென்ஸே கொண்டுவந்துவிட்டது. அதற்குக் கீழே குடும்பம், பேரினம், சிற்றினம் என்று இறங்க வேண்டுமென்றால் வெளித்தோற்றம் போதாது. வழுவழுப்பான சிப்பிகள் வெவ்வேறு குலத்தில் பிறந்தும் ஒரே முகத்தோடு இருக்கும், உள்ளே மட்டும் எலும்புக்கூடு மாதிரி வேறுபடும்.

குடந்தை மாணவி

வணக்கம் ஐயா, வணக்கம் சார். கும்பகோணம்தான் ஊர், புவியியல் ஆராய்ச்சி மாணவி. கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

டெரிபிராட்டுலிடாவில் மேல் ஓட்டின் உட்புறத்திலிருந்து சுண்ணாம்பாலான மெல்லிய வளையம் ஒன்று தொங்கும், சுருண்ட கைகளைத் தாங்குவதற்கு. அது குட்டையா நீளமா, கீல் தட்டுகளோடு எப்படி இணைகிறது, குறுக்குப் பட்டை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பவைதான் குடும்பத்தையும் பேரினத்தையும் தீர்மானிக்கின்றன. உங்கள் சிப்பிக்குள் பாறை இறுகியிருப்பதால் திறந்து பார்க்க முடியாது. தேய்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முறை இதுதான். முதலில் சிப்பியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, பிளாஸ்டரில் ஒரு நகல் வார்த்துவிடுங்கள். பிறகு அசல் சிப்பியை, அலகு மேலே வரும்படி, இரண்டு ஓடும் சேரும் தளம் செங்குத்தாக நிற்கும்படி, பிளாஸ்டர் கட்டியில் பதியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் வெட்டுமுகம் எல்லாம் சாய்ந்துவிடும். கண்ணாடித் தகட்டில் கார்போரண்டம் பொடியைத் தண்ணீரோடு பரப்பி அலகுப் பக்கத்திலிருந்து தேய்க்க வேண்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்ததும் நிறுத்தி, மெருகேற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில விநாடிகள் காட்டிக் கழுவுங்கள். காய்ந்த முகத்தில் அசிட்டோன் விட்டு அசிட்டேட் படலத்தை ஒட்டுங்கள். உலர்ந்தபின் உரித்தால் வெட்டுமுகம் அப்படியே படலத்தில் பதிந்து வரும். எண் போட்டுத் தாளில் வைத்து, அடுத்த பத்தில் ஒரு மில்லிமீட்டர். அமிலத்துக்குக் கையுறை, அசிட்டோனுக்குத் திறந்த சன்னல், பக்கத்தில் அடுப்பு எதுவும் எரியக் கூடாது.

ஐந்தாற்றங்கரை

கடைசியில் சிப்பியே இருக்காதே அம்மா! ஏழு கோடி ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததை நான் எடுத்து மாவாக்குவதா? ஊடுகதிர் ஸ்கேன் செய்தால் உடைக்காமலே பார்க்கலாம் என்று படித்தேனே?

குடந்தை மாணவி

உங்கள் தயக்கம் எனக்கும் இருந்தது சார். முதல் தடவை தேய்த்தபோது நான் அழுதேன்.

நுண் ஸ்கேனில் பார்க்கலாம், நல்ல முறைதான். ஆனால் உள்ளே இருக்கும் வளையமும் கால்சைட், நிரப்பியிருக்கும் பாறையும் கால்சைட் என்றால், கதிருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், உருவம் பிரியாது. உள்ளே களிமண்ணோ வெற்றிடமோ இருந்தால் அழகாக வரும். வாய்ப்புக் கிடைத்தால் முதலில் ஸ்கேன் செய்து பாருங்கள். வராவிட்டால் 11இல் இரண்டை மட்டும் தேய்ப்போம். மிச்சம் ஒன்பது இருக்கும். மிக முழுமையான ஒன்றை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், அதற்கு வேறு கடமை இருக்கிறது.

நீடாமங்கலத்தான்

இழையை முதலிலிருந்து ஒரே மூச்சில் படித்தேன். விவசாயி, இந்தத் துறைக்குப் புதியவன். இந்த வழுவழுப்பான சிப்பி ஏற்கெனவே யாரோ எழுதி வைத்த சிற்றினமா என்று எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? இந்தப் பாறை எங்கள் வயலுக்கு அடியிலும் இருக்கிறதா?

பழம்பாறை

இரண்டாவது கேள்விக்கு முதலில். டெல்டாவின் வண்டலுக்கு அடியில், மிக ஆழத்தில், அதே காலத்துக் கடற்படிவுகள் உண்டு. புவியியலார் காவிரிப் படுகை என்று சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான். நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதும் அதே படுகையில்தான். கொள்ளிடத்துக்கு வடக்கே படுகையின் விளிம்பு மேலெழுந்து வெயிலில் நிற்கிறது. நீங்கள் ஆழ்துளையில் தேட வேண்டியதை அரியலூர்க்காரர்கள் நடந்துபோய்த் தொடலாம்.

முதல் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1846இலேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளின் புதைபடிவங்களைப் பற்றி எழுதினார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் ஹெச்.எஃப். பிளான்ஃபோர்ட் இந்த நிலத்தை நடந்து வரைபடமாக்கி, ஊத்தத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பாறைகளைப் பிரித்து 1862இல் வெளியிட்டார். நீடாமங்கலத்தாருக்கு ஒரு செய்தி: இதே பிளான்ஃபோர்ட்தான் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகி, இமயத்துப் பனியை வைத்துப் பருவமழையைக் கணிக்க முயன்றவர். அந்தச் சேகரிப்பை எல்லாம் விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிர்களைப் பற்றிய அவருடைய தொகுதிகளில் பிராக்கியோபாட் பகுதி 1872இல் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1874இல், காரகோரம் மலைப்பாதையில் திரும்பும்போது இறந்துபோனார். வயது 36. லேயில் அவருக்குக் கல்லறை இருக்கிறது.

ஆசிரியர் முதலில் உட்கார வேண்டியது அந்த 1872ஆம் ஆண்டுப் பகுதியோடு. ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் வரியிருந்தால் ரிங்கோனெல்லா, வழுவழுப்பானால் டெரிபிராட்டுலா என்று இரண்டு பெரிய கூடைகளில் கொட்டிவிடுவார்கள். பின்னால் உட்புறம் பார்த்து அவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். பழைய பெயரைப் பார்த்து "இது அது இல்லை" என்று தள்ளிவிட வேண்டாம், இன்று வேறு பேரினத்தின் கீழ் அதே சிற்றினம் இருக்கும். படமும் சில சமயம் ஏமாற்றும். ஓவியர் நசுங்கியதை நிமிர்த்தி வரைந்திருப்பார். சந்தேகம் தீராவிட்டால் கொல்கத்தாவுக்குப் போய் மூல மாதிரியையே கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நீடாமங்கலத்தான்

மழையைக் கணிக்க முயன்றவரா அரியலூர்க் கல்லை அளந்தார்! நன்றி ஐயா. பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை. காவேரி என்று வைப்பதில் மகிழ்ச்சிதான், ஆனால் சிப்பி கிடைத்தது கொள்ளிடத்துக்கு அப்பால். அந்த மண் காவிரித் தண்ணீர் பார்க்காத வானம் பார்த்த பூமி. ஊர்ப் பெயரை வைப்பதுதானே முறை?

சுரங்கத்து மேஸ்திரி

அதையேதான் சொல்ல நினைத்தேன், வாத்தியார் ஐயா வருத்தப்படுவாரோ என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊர்க் கல், எங்கள் ஊர்ப் பெயர் இருந்தால் பேரன் பேத்திகளுக்குச் சொல்லலாம்.

குடந்தை மாணவி

சட்டம் சொல்வதை மட்டும் நான் சொல்கிறேன். விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி இடப்பெயருக்கு "என்சிஸ்" சேர்க்கலாம். பேரினப் பெயர் ஆண்பாலோ பெண்பாலோ என்றால் "என்சிஸ்", இரண்டும் அல்லாத பால் என்றால் "என்சே". பிராக்கியோபாட் பேரினங்கள் பல "தைரிஸ்" என்று முடியும், கிரேக்கத்தில் சிறு சாளரம் என்று பொருள், பெண்பால். ஆக, பேரினம் தெரியாமல் பெயரின் ஈறுகூட முடிவாகாது.

2000ஆம் ஆண்டு முதல் புதிய சிற்றினத்துக்கு மூல மாதிரியைக் கட்டாயம் சுட்ட வேண்டும். ஒரே ஒரு மாதிரியைச் சுட்டினால் அது ஹோலோடைப். தொடாதீர்கள் என்று நான் சொன்ன அந்த மிக முழுமையான சிப்பிக்கு அதுதான் கடமை. இனி உலகில் யார் சந்தேகப்பட்டாலும் அந்த ஒன்றோடுதான் ஒப்பிடுவார்கள். அதை எந்தக் காப்பகத்தில் வைக்கிறோம் என்றும் எழுத வேண்டும். நம் வீட்டு அலமாரி காப்பகம் ஆகாது சார்.

இதை அழுத்திச் சொல்வதற்கு அரியலூர் மண்ணிலேயே காரணம் இருக்கிறது. கல்லமேடு பாறையில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளை 1987இல் யாதகிரியும் அய்யசாமியும் புருகத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயரிட்டு விவரித்தார்கள். முதலில் ஊனுண்ணி டைனோசராக வகைப்படுத்தப்பட்டது, பின்னர் நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றப்பட்டது. அந்த எலும்புகள் சிதைந்து போய்விட்டன. இப்போது உலகம் முழுவதும் படத்தையும் அளவையும் வைத்துத்தான் விவாதிக்கிறது, எலும்பைத் தொட்டுப் பார்க்க முடியாது. எலும்பு மட்டும் இருந்திருந்தால் எத்தனை கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

இன்னொன்று. இங்கே பெயரை எழுதுவதால் அது செல்லுபடியாகாது, ஆனால் பெயர் சுற்ற ஆரம்பித்துவிட்டால் குழப்பம் வரும். ஆய்விதழில் வரும்வரை அந்த முழுமையான சிப்பியின் எண்ணால் "எண் 41" என்றே அழைப்போம்.

ஐந்தாற்றங்கரை

மேஸ்திரி ஐயா, எனக்கு வருத்தமே இல்லை. காவேரி என் ஊரின் பெருமை, சிப்பி உங்கள் ஊருடையது. பெயர் வைக்கும் நாள் வந்தால் உங்களைக் கேட்டுத்தான் வைப்பேன்.

ஸ்கேன் செய்து பார்த்தோம், மாணவி சொன்னபடியே உள்ளே ஒரே வெண்மை. அதனால் எண் 38ஐத் தேய்த்தேன். பதினெட்டு நாட்கள், பள்ளி விட்டு வந்து தினமும் நான்கு ஐந்து வெட்டுகள். 18 மி.மீ. நீளச் சிப்பி, அலகிலிருந்து 7 மி.மீ. வரை, 70 படலங்கள்.

முதல் சில படலங்களில் கீழ் ஓட்டின் அலகு மட்டும் ஒரு சிறு வளையமாகத் தெரிந்தது. 1.3 மி.மீ.யில் அதற்குள்ளே மேல் ஓட்டின் உச்சி பிறைபோல எட்டிப்பார்த்தது. 1.9இல் கீல் பற்கள் குழிகளில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது, ஏழு கோடி ஆண்டாகப் பிடி விடவில்லை. 2.4இல் கீல் தட்டுகள் இரண்டு இறக்கைகளாக விரிந்தன. பிறகு தட்டுகள் மறைந்து இரண்டு புள்ளிகள் மட்டும் மிஞ்சின. வளையத்தின் இரண்டு கிளைகள் அவை. ஒவ்வொரு படலத்திலும் மெல்ல விலகின. 5.6இல் இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பி, 5.8இல் மேலே ஒரு வில்லாகச் சேர்ந்தன. 6.1இல் ஒன்றுமில்லை, வெறும் பாறை.

70 படலங்களையும் தாளில் வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதலில் சிப்பியைக் கொண்டுவந்த மாணவன் அதைப் பார்த்து, "சார், வேகமாக நடந்துகொண்டே பார்த்தால் உள்ளே அது வளர்கிறது" என்றான். அவன் சொன்னபடி நடந்து பார்த்தேன். உண்மைதான்.

1872ஆம் ஆண்டுப் படங்களில் வெளித்தோற்றத்தில் மிக நெருங்கியது ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தச் சிற்றினத்தைப் பின்னாளில் சேர்த்த பேரினத்தின் கீல் தட்டுகள் உட்பக்கம் குழிந்தவை. எண் 38இல் அவை ஏறக்குறையத் தட்டை. இது போதுமா ஐயா?

பழம்பாறை

போதாது, ஆனால் என் கை இப்போது நடுங்குகிறது. தட்டை என்பது 38 என்ற ஒரு சிப்பியின் குணமா, கூட்டத்தின் குணமா? பிளாஸ்டரில் சாய்ந்து பதிந்திருந்தால் குழிந்த தட்டும் தட்டையாகத் தெரியக்கூடும். இரண்டாவதைத் தேயுங்கள். இம்முறை பதிக்கும் முன் சாய்வை இரண்டு பக்கமும் அளந்து எழுதிவிடுங்கள். இரண்டிலும் தட்டை என்றால் கொல்கத்தாப் பயணத்துக்கு டிக்கெட் எடுப்போம். நானும் வருகிறேன்.

சுரங்கத்து மேஸ்திரி

மஞ்சள் அடுக்கு கிழக்குச் சுவரில் இன்னும் பத்தடி இருக்கிறது. அடுத்த மாதம் வெட்டிவிடுவார்கள். இந்த வாரம் வந்தால் இன்னும் இருபது முப்பது எடுக்கலாம்.

ஐந்தாற்றங்கரை

சனிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், பையனையும் அழைத்து வருகிறேன். எண் 44ஐ இன்று மாலை பிளாஸ்டரில் பதித்துவிட்டேன். இடப்பக்கச் சாய்வு 0, வலப்பக்கம் 0, மூலைமட்டம் வைத்து இரண்டு முறை பார்த்தேன்.